வீட்டில் செய்தீர்களா?

மூளை முடக்குவாதம் உள்ள ஏழு வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்து, இரண்டு பேருந்து மாறி வருகிறார் ஒரு தாய். இயன்முறை சிகிச்சைப் பிரிவில் சிறிது நேரம். பிறகு, காலையும் மாலையும் செய்யச் சொல்லி நான்கு பயிற்சிகள் எழுதிய தாள். அடுத்த முறை பிள்ளையின் கால் இறுகியிருந்தால் முதல் கேள்வி, "வீட்டில் ஒழுங்காகச் செய்தீர்களா?" நூறு நாள் வேலைக்குப் போய்வந்து, தண்ணீர் பிடித்து, சோறு பொங்கிய பிறகு அவருக்கு எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று யாரும் கேட்பதில்லை. வாசலில் இன்னும் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் என்பது உண்மை. அதற்காகப் பழியைத் தாய்மேல் போடுவது முறையாகாது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலுள்ள கேன்சைல்ட் ஆய்வு மையம், சிகிச்சை தருபவர்களுக்குப் பெற்றோரே மதிப்பெண் இடும் வினாப்பட்டியலை 1990-களிலேயே உருவாக்கியது. பிள்ளை எத்தனை அடி நடந்தது என்று அது கேட்பதில்லை. உங்களை மதித்துப் பேசினார்களா, வேண்டிய தகவலைத் தந்தார்களா என்று கேட்கிறது. பல நாடுகளிலும் தகவல் தருவதற்கே குறைந்த மதிப்பெண் விழுந்தது. இங்கே தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம், பணியாளர்களை வீடுகளுக்கே அனுப்பிக் குடும்பத்தை மையமாகக் கொண்ட சிகிச்சையை நடத்துகிறது. அதை ஆய்வுக்கும் உட்படுத்தியிருக்கிறது. கிராமத்தில் இதெல்லாம் நடக்காது என்ற சாக்கு இனிச் செல்லாது.

ஆனால், குடும்பத்தின் பெயரைச் சொல்லி வேலை முழுவதையும் தாயின் தலையில் கட்டுவதை ஏற்க முடியாது. (ஏட்டில்தான் 'குடும்பம்', சிகிச்சைக்குப் பிள்ளையைத் தூக்கிவரும் தந்தையர் அரிது.) இத்துறையில் ஆய்வில் இறங்கும் இயன்முறை மருத்துவர்கள், பயிற்சி எத்தனை நாள் நடந்தது என்பதோடு, அதற்காகத் தாய் எத்தனை நாள் கூலியை இழந்தார் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24-ஆவது பிரிவில், உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கும் திட்டம் வேண்டும் என்கிறது. 'அரசின் பொருளாதார வரம்புக்குள்' என்ற நிபந்தனையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. தாயின் உழைப்புக்கு எந்த வரம்பும் வைக்காத அரசு, தன் கருவூலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது அநீதி என்றே கருதுகிறோம்.

பிள்ளை தானாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமா, பள்ளி வேனில் ஏற வேண்டுமா என்பதைத் தாய் சொல்லட்டும். பயிற்சித் தாளின் முதல் வரி அதுவாக இருக்கட்டும். அவர் சொல்வதைக் கேட்க நேரமுள்ள அளவுக்கு ஆள்களை நியமிப்பதும், வீடு தேடிச் செல்லும் பணியாளர்களுக்குப் பயணப்படி தருவதும் அரசின் கடமை. வரும் நிதிநிலை அறிக்கையில் இதற்குத் தனியே நிதி ஒதுக்க வேண்டும்.