எல்லாப் பருவமும் எனும் பொய்

'ஆல் சீசன் டயர்' என்ற பெயரே ஒரு பொய். பெரும்பொழுதை ஆறாகப் பகுத்த மொழியினர் இதில் ஏமாறலாமா? வாலிநோக்கத்து உப்பளச் சாலையில் எந்த டயரும் எல்லாப் பருவத்துக்கும் ஆகும்; நம் முன்பனியில் தண்ணீர் உறைவதில்லை. டொரண்டோவில் வாழும் நம்மவர் நிலை வேறு. வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழிறங்கினால் அந்த ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். கியூபெக் 2008 முதல் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியது. ஒன்டாரியோவோ 2016 முதல் காப்பீட்டுச் சலுகை தரச் சொன்னதோடு சரி. 'நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, பயமில்லை' என்கிறார்கள். இழுக்கும், நிற்குமா? ஆண்டு முழுதும் ஒரே டயர்தான் என்றால், மூன்று முகட்டு மலைக்குள் பனிப்படிகம் பொறித்ததையே வாங்குங்கள். 'எம் ப்ளஸ் எஸ்' என்பது டயரின் வரிப்பள்ளத்தைப் பற்றித் தயாரிப்பாளர் தாமே தரும் சான்றிதழ். பனியில் சோதித்ததற்கு அன்று.