தேர்வு ஆண்டிலும் திடலுக்குச் செல்வோம்

படிவம் ஐந்தில் அடியெடுத்து வைத்ததும் பல மாணவர்களின் கால அட்டவணையிலிருந்து முதலில் காணாமற்போவது விளையாட்டுதான். பள்ளி முடிந்தால் பிரத்தியேக வகுப்பு, இரவில் பயிற்சித் தாள்கள் என நாள் ஓடிவிடுகிறது. "எஸ்.பி.எம். முடியட்டும், பிறகு ஆடிக்கொள்ளலாம்" என்று பெற்றோர் சொல்வதும் பிள்ளைகளின் நலம் கருதியே. ஆனால், திடலிலிருந்து மிச்சப்படுத்தும் அந்த ஒரு மணி நேரத்திற்கு ஈடாக நாம் இரவுத் தூக்கத்தை இழக்கிறோம் என்பதே என் கருத்து.

சுகாதார அமைச்சு 2017ஆம் ஆண்டில் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடையே நடத்திய தேசிய ஆய்வில், 39.7 விழுக்காட்டினரிடம் பதற்றத்தின் அறிகுறிகள் காணப்பட்டன. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய பதினாறு பேர்!

பதற்றமும் தூக்கமின்மையும் ஒன்றையொன்று வளர்ப்பவை. மனம் படபடத்தால் தூக்கம் வராது; தூங்காத மறுநாள் சிறு சோதனைகூட மலையாகத் தெரியும். "கவலைப்படாதே" என்று மனத்திற்குக் கட்டளையிட்டால் அது கேட்பதில்லை. உடலை அசைத்தால் ஓரளவு கேட்கிறது. ஓடும்போது இதயம் வேகமாகத் துடிக்கிறது; மூச்சு வாங்குகிறது; வியர்க்கிறது. தேர்வு மண்டபத்தில் பயத்தால் ஏற்படும் மாற்றங்களும் இவைதாம். தொடர்ந்து விளையாடுபவருக்கு அந்தப் படபடப்பு பழகிவிடுகிறது; சற்று நேரத்தில் அது தணிந்துவிடும் என்பதை அவர் அனுபவத்தில் அறிவார்.

தூக்கமும் இதனோடு தொடர்புடையது. பயிற்சியின்போது ஏறும் உடல் வெப்பம் பின்னர் இறங்கும்போது உறக்கம் எளிதில் வருகிறது. எனவே, மாலை ஆறு மணி ஆட்டம் நன்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் பலருக்கும் பிடித்த இரவு ஃபுட்சாலை ஆடிவிட்டு, வந்தவுடன் கண்ணயர நினைப்பது வேறு கதை! பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. பள்ளிப் பேருந்துக்காக ஐந்தரைக்கு எழும் மாணவர் ஒன்பதரைக்குள் உறங்கினால்தான் எட்டு மணி நேரமாவது கிடைக்கும். நள்ளிரவுவரை புத்தகத்தோடு விழித்திருப்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுடையோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. "பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் திடல் எங்கே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதோடு மாலையில் இடிமழை. சில மாதங்களில் புகைமூட்டம் வேறு. கோலாலம்பூரில் 2014 முதல் ஞாயிறு காலைகளில் நகர மையச் சாலைகள் சிலவற்றை வாகனங்களுக்கு மூடி, நடப்போருக்கும் ஓடுவோருக்கும் விடுகிறார்கள். அது வாரம் ஒருநாள் மட்டுமே. மற்ற நாள்களுக்குப் பள்ளிதான் வழிகாட்ட வேண்டும். மழை நாளில் மண்டபத்தில் பூப்பந்து ஆடலாம், கயிறு தாண்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்வு நெருங்கும்போது உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்திற்கோ அறிவியலுக்கோ எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் அது நிற்க வேண்டும்.

உடற்பயிற்சி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. வாரக்கணக்கில் தூக்கமின்றி, எதிலும் நாட்டமின்றித் தவிக்கும் நண்பரிடம் "பந்து விளையாடு, சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள். அவரைப் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தயங்கினால் நீங்களும் உடன் அமருங்கள்.