அலறும் சைலன்சரும் அடியார்களின் உரிமையும்

ரமளான் இரவுகளில் தராவீஹ் தொழுகை முடிந்து பெரியவர்கள் வீடு திரும்பிய பின்னர், நம்முடைய ஊர்கள் பலவற்றில் மற்றோர் ஓசை தொடங்குகிறது. இளைஞர்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து மோட்டார் சைக்கிள்களில் கடைத்தெருவைச் சுற்றி வருகின்றனர். அவற்றுள் சில வண்டிகளின் சைலன்சர் மாற்றப்பட்டிருக்கும். தெருமுனையில் எழும் அலறல் ஊரின் மறுகோடி வரை கேட்கும். பராஅத் இரவிலும் ரமளானின் இருபத்தேழாம் இரவிலும் இது இன்னும் மிகுகிறது. வணக்கத்திற்காக விழித்திருக்க வேண்டிய இரவில் வண்டிப் பந்தயம் வேண்டாம் என்று ஜமாஅத்தினர் எச்சரிக்கும் நிலையும் வந்துவிட்டது.

இது நம் பிள்ளைகளிடம் மட்டும் உள்ள பழக்கம் அன்று. எல்லாச் சமூகத்து இளைஞரிடமும், ஏன், உலகின் பல நாடுகளிலும் உண்டு. ஆயினும் தொழுத கையோடு வெளியே வந்து ஒருவர் இதைச் செய்யும்போது, அது வெறும் போக்குவரத்துக் குற்றமாக நின்றுவிடுவதில்லை. மார்க்கத்தில் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வதற்கு முன், அவர்கள் ஏன் இந்த ஓசையை விரும்புகின்றனர் என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது. காரணம் அறியாத கண்டிப்பு காதில் ஏறாது.

எஞ்சினுக்குள் எரிபொருள் வெடித்து எரியும் ஒவ்வொரு முறையும், வெப்பமும் அழுத்தமும் மிகுந்த புகை வால்வு திறந்தவுடன் குழாய்க்குள் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல்தான் ஓசை. சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும் துளையிட்ட குழாய்களும் தடுப்புத் தகடுகளும் அந்த அழுத்தத்தைச் சிறிது சிறிதாகத் தணித்து வெளியே விடுகின்றன. கடைகளில் வாங்கிப் பொருத்தும் குழாய்கள் பலவற்றில் இந்தத் தடுப்புகள் குறைவு. சிலவற்றில் ஓசையைக் குறைப்பதற்கென்றே வைக்கப்பட்டிருக்கும் ‘டிபி கில்லர்’ என்ற உறுப்பையும் இளைஞர்கள் கழற்றிவிடுகின்றனர். இன்னும் சிலர், ஓடும் வண்டியின் சாவியை அணைத்து உடனே திருப்பி, எரியாத பெட்ரோலைக் குழாய்க்குள் வெடிக்கச் செய்து ‘படார்’ என்ற ஒலியை எழுப்புகின்றனர்.

இதில் என்ன இன்பம் என்று பெரியவர்கள் கேட்கலாம். கை சற்றே திருகியதும் பெரியதோர் ஆற்றல் தனக்குக் கீழ்ப்படிவதை அந்த இளைஞன் காதாலும் உடலாலும் உணர்கிறான். வண்டியின் ஓசை அவனுக்கு ஓர் அடையாளமாகவும் இருக்கிறது. ஹார்லி டேவிட்சன் நிறுவனம் தன் எஞ்சினின் ஓசையையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய 1994இல் அமெரிக்காவில் விண்ணப்பித்து, எதிர்ப்புகளுக்குப் பின் 2000ஆம் ஆண்டில் அதைக் கைவிட்டது. நம் நாட்டில் புல்லட் வண்டியைக் கண்ணால் பார்க்கும் முன்பே காதால் அறிந்துகொள்வோர் பலர். எனவே வண்டியின் ஓசையில் பற்று வைப்பது விந்தையான செயல் அன்று.

கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து 2023இல் ஓர் ஆய்வு வெளியானது. சைலன்சரை மாற்றி உரத்த ஓசை எழுப்பும் கார்களை விரும்பும் மாணவர்களிடம், பிறர் துன்பத்தைப் பொருட்படுத்தாத குணமும் பிறர் துன்பத்தில் மகிழும் குணமும் சற்று மிகுந்து காணப்பட்டதாக அது கூறியது. அது மோட்டார் சைக்கிள்களைப் பற்றியது அன்று. ஒரு பல்கலைக்கழக மாணவர்களின் விடைகளை வைத்துச் செய்யப்பட்டது. அதை எடுத்துக் காட்டி நம் பிள்ளைகளைக் கொடியவர்கள் என்று முத்திரை குத்துவது நீதியாகாது. பெரும்பாலோரின் உள்ளத்தில் இருப்பது கொடுமை அன்று. ‘நானும் இங்கே இருக்கிறேன், என்னைத் திரும்பிப் பாருங்கள்’ என்னும் ஏக்கமே. வீட்டிலும் பள்ளிவாசலிலும் எவரும் தன்னை ஒரு பொருட்டாக எண்ணாதபோது, தெரு முழுவதும் தன்னைத் திரும்பிப் பார்க்கும் அந்த நொடி பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

உரத்த ஓசை உயிர் காக்கும் என்ற வாதமும் உண்டு. லாரி ஓட்டுநரும் கார் ஓட்டுநரும் தங்களைக் காணாவிட்டாலும் கேட்டுக்கொள்வார்கள் என்பது அதன் கருத்து. இதைச் சொல்வோர் எல்லோரும் பொய் சொல்வதில்லை. சாலையில் சிறிய வண்டியை மதிக்காத பெரிய வண்டிகளின் நடுவே செல்லும் அச்சம் உண்மையானது. ஆனால் குழாயின் வாய் பின்னோக்கி இருக்கிறது. ஆபத்தோ பெரும்பாலும் முன்னாலிருந்து வருகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து, ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு 1981இல் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாகக் காட்டியது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எதிரே வரும் காரோட்டிக்குக் கேட்காத ஓசை, பின்னால் இருக்கும் வீட்டின் தொட்டில் குழந்தைக்குக் கேட்கிறது. உயிரைக் காக்க வேண்டுமெனில் தலைக்கவசமும், எரியும் முகப்பு விளக்கும், மிதமான வேகமும் இருக்கின்றன. மேலும், நள்ளிரவில் ஆளற்ற தெருவில் யாரிடமிருந்து உயிரைக் காக்க இந்த ஓசை?

அந்தத் தெருவின் வீடுகளுக்குள் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்போம். ஸஹருக்கு எழுந்து சமைப்பதற்காக முன்னதாகவே கண்ணயர்ந்த தாய் இருக்கிறார். மாரடைப்பிலிருந்து மீண்ட முதியவர் இருக்கிறார். விடியற்காலை வேலைக்குச் செல்லும் கூலித் தொழிலாளி இருக்கிறார். மறுநாள் தேர்வு எழுதும் மாணவி இருக்கிறாள். நிம்மதியான உறக்கத்திற்குப் படுக்கையறையின் ஓசை 30 டெசிபலுக்கு மேல் போகாதிருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்று எல்லை வகுத்துள்ளன. தடுப்பு நீக்கிய குழாயின் ஓசையோ அருகில் நின்று அளந்தால் நூறைத் தாண்டக்கூடியது. டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பதை நினைவில் கொண்டால், இந்த இடைவெளியின் அளவு விளங்கும்.

சட்டமும் இதை எளிதாக விடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், ஒலி வரம்பை மீறுவோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. அத்துடன் ஓட்டுநர் உரிமம் மூன்று மாதத்திற்குப் பறிபோகும். வண்டி ஓட்டியவர் பதினெட்டு வயது நிரம்பாதவராக இருந்தால், 199ஏ பிரிவின்படி பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். அதற்கு மூன்றாண்டு வரை சிறையும் இருபத்தைந்தாயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கையில் சாவியைக் கொடுக்கும் வாப்பாமார் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் காவலர் இல்லாத தெருவில் சட்டம் உறங்கிவிடும். ஈமான் உறங்கலாகாது. லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குக் கூறிய அறிவுரைகளைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. இணைவைப்பை விலக்குமாறும், தொழுகையை நிலைநாட்டுமாறும் கூறியவர், பூமியில் செருக்குடன் நடக்கலாகாது என்றும், நடையில் நடுநிலை பேணிக் குரலைத் தாழ்த்த வேண்டும் என்றும் அதே மூச்சில் கூறுகிறார். ஒரு தந்தை மகனுக்குச் செய்த உபதேசத்தில் தொழுகையும் ஓசையும் அடுத்தடுத்து இடம்பெற்றிருப்பதை நம் வீடுகளில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

நபி (ஸல்) அவர்கள் இரவில் வீட்டிற்கு வரும்போது, விழித்திருப்பவருக்குக் கேட்கும்படியும் உறங்குபவரை எழுப்பாதபடியும் ஸலாம் கூறுவார்கள் என்று மிக்தாத் (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. ஸலாம் ஒரு துஆ. நன்மை தரும் சொல். அந்தச் சொல்லும் உறங்குபவரின் உரிமைக்கு முன் தாழ்ந்து ஒலித்தது. மற்றொரு முறை, பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது சிலர் உரத்துக் குர்ஆன் ஓதுவதைக் கேட்ட நபியவர்கள், திரையை விலக்கி, ஓதுவதில் ஒருவருக்கொருவர் குரலை உயர்த்தித் தொல்லை தர வேண்டாம் என்று தடுத்ததாக அபூதாவூதில் காண்கிறோம். அல்லாஹ்வின் வேதத்தை ஓதும் குரலுக்கே இந்த வரம்பு என்றால், பெட்ரோல் புகையின் குரலுக்கு எந்த வரம்பு இருக்க வேண்டும்?

இங்கேதான் நாம் அஞ்ச வேண்டிய இடம் இருக்கிறது. அல்லாஹ்வுக்குச் செய்ய வேண்டிய கடமையில் தவறினால் அவனிடமே தவ்பா செய்யலாம். அவன் மிக்க மன்னிப்பாளன். அடியார்களின் உரிமையாகிய ஹக்குல் இபாத் அப்படிப்பட்டது அன்று. பாதிக்கப்பட்டவர் மன்னிக்க வேண்டும். ஒருவரிடம் கடன் பட்டால் அவர் வீட்டைத் தேடிச் சென்று கொடுக்கலாம். ஒருவரைப் பற்றிப் புறம் பேசினால் அவரிடம் சென்று வருந்தலாம். நள்ளிரவில் நான்கு தெருக்களை எழுப்பிவிட்டுச் சென்றவன் யார் வீட்டுக் கதவைத் தட்டுவான்? எந்தக் குழந்தை வீறிட்டு அழுதது, எந்த நோயாளி மறுபடி உறங்காமல் விடியும்வரை புரண்டார் என்று அவனுக்குத் தெரியாது. முகம் தெரியாத நூறு பேரிடம் ஒரே இரவில் கடன் பட்டுவிடுகிறான். திருப்பிக் கொடுக்க முகவரி இல்லை.

தொழுகை, நோன்பு, ஸகாத்துடன் மறுமையில் வந்து, பிறருக்கு இழைத்த தீங்குகளுக்கு ஈடாக அந்த நன்மைகளையெல்லாம் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் நிற்கும் மனிதனைத்தான் நபியவர்கள் உண்மையான ஏழை என்று வருணித்தார்கள். தராவீஹில் நின்று சேர்த்த நன்மையை வீடு திரும்பும் வழியிலேயே தெருவாருக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வரும் பிள்ளையைப் பார்க்கும்போது இந்த நபிமொழி நினைவிற்கு வராமல் இருக்காது.

அந்த வீடுகள் சிலவற்றில் முஸ்லிமல்லாத சகோதரர்களும் வாழ்கின்றனர். அவர்கள் நம் நூல்களைப் படித்து இஸ்லாத்தை அறிவதில்லை; நம்மைப் பார்த்து அறிகின்றனர். தன் தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இல்லையெனில் அவன் இறைநம்பிக்கை கொண்டவன் அல்லன் என்று நபியவர்கள் மும்முறை ஆணையிட்டுக் கூறியபோது, அந்த அண்டை வீட்டார் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கவில்லை. ரமளான் வந்தால் தெரு அமைதி கொள்ளும் என்று அவர்கள் சொல்ல வேண்டும். ரமளான் வந்தால் உறக்கம் போய்விடும் என்று சொல்லும்படி நாம் வைக்கலாகாது.

குடும்பத்தார் செய்ய வேண்டியது என்ன? முதலாவதாக, அந்தக் குழாய்க்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் வளைகுடாவில் உழைக்கும் வாப்பாவின் வியர்வைதான் அந்த ஓசையாக வெளியேறுகிறது. அதை வாங்கித் தர மறுப்பது கஞ்சத்தனம் அன்று, பொறுப்பு. ஏற்கெனவே மாற்றியிருந்தால், நிறுவனம் பொருத்திய பழைய சைலன்சரை மீண்டும் பொருத்தச் செய்யலாம். அதுவும் தவ்பாவின் ஒரு பகுதியே. தீங்கை நிறுத்தாத தவ்பா நிறைவடையாது.

இரண்டாவதாக, பெரியவர்களும் தம் ஓசையைக் கணக்கிட வேண்டும். நள்ளிரவு வரை வெளி ஒலிபெருக்கியில் முழங்கும் சொற்பொழிவும், தெருவை அடைத்துச் செல்லும் திருமண வெடியும் நம்மிடமும் இல்லாமல் இல்லை. அவற்றைச் செய்துகொண்டு பிள்ளையின் சைலன்சரை மட்டும் கண்டித்தால், அவன் நம்மைக் கேள்வி கேட்பான். அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இராது.

மூன்றாவதாக, திரும்பிப் பார்க்கப்பட வேண்டும் என்ற ஏக்கத்திற்கு நல்லதொரு வாயில் திறக்க வேண்டும். ரமளானில் மருத்துவமனைகளில் நோயாளிகளுடன் தங்கியிருப்போருக்கு ஸஹர் உணவு கொண்டு சேர்க்க வண்டியும் வேண்டும், துணிவும் வேண்டும், இரவில் விழித்திருக்கும் இளமையும் வேண்டும். அவசரமாக இரத்தம் தேவைப்படும்போதும் அதே இளைஞர்கள்தாம் முதலில் ஓடி வருகின்றனர். ஜமாஅத்தினர் இவ்வேலைகளை அவர்கள் கையில் ஒப்படைத்து, அவர்களைப் பெயர் சொல்லி அழைத்துப் பாராட்டட்டும். தன்னை ஊர் அறியும் என்று தெரிந்த பிள்ளைக்குக் குழாயின் அலறல் தேவைப்படாது.

உறங்குபவரின் உறக்கத்தையும் ஓர் அமானிதமாகப் பேணும் மக்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.