அந்தச் சிறுகுறி யாருக்குப் பாரம்?

ஒப்புநோக்குநராகப் பத்திரிகைத்துறையில் நுழைந்தவன் நான். ஆங்கிலத்தின் அப்போஸ்ட்ரபி, அதாவது சொல்லின் மேலே தொங்கும் காற்புள்ளி, வெறும் அலங்காரம் என்போரை என்னால் ஏற்க முடியாது.

மாணவர்கள், மாணவனுடைய, மாணவர்களுடைய என்று தமிழ் மூன்றாகப் பிரித்துச் சொல்லும். ஆங்கிலத்திலோ மூன்றுக்கும் ‘ஸ்டூடன்ட்ஸ்’ என்ற ஒரே ஒலிதான். குறி இல்லையேல் வெறும் பன்மை. ‘எஸ்’ எழுத்துக்கு முன் நின்றால் உடையவர் ஒருவர். பின் நின்றால் பலர். ஒரு சொத்துப் பத்திரத்தில் இது சிறு வேறுபாடா?

இக்குறியைக் காக்க இங்கிலாந்தில் 2001 இல் சங்கம் அமைத்தவர் ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் ஜோன் ரிச்சர்ட்ஸ். அறியாமையும் சோம்பலும் வென்றுவிட்டன என்று கூறி, 2019 இல் தமது 96ஆவது வயதில் அதை மூடினார். அவர் பிழையாகச் சொல்லவில்லை. பேர்மிங்காம் மாநகரசபை 2009 இல் வீதிப் பெயர்ப்பலகைகளில் அக்குறிக்கு இடமில்லை என்றது. 2024 இல் வட யோர்க்ஷயர் சபை கணினித் தரவுத்தளத்தைச் சாட்டி அதையே அறிவித்தது.

செருப்புக்காகக் காலை வெட்டுவதா? கேம்பிரிட்ஜ் நகரசபை இத்தகைய தடையை 2014 இல் கைவிட்டது. மக்கள் எதிர்த்தார்கள், சபை பணிந்தது. சோம்பல் வெல்வது நாம் வாய்மூடி இருக்கும்வரைதான்.