தேன் விற்கும் கடைக்காரர் சிந்திக்க வேண்டியவை



உலக நாடுகளின் தேனீ வளர்ப்போர் சங்கங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்புக்கு அபிமோண்டியா என்று பெயர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பெரிய மாநாடு கூட்டுவார்கள். 2025 செப்டம்பரில் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் கூடினார்கள். இந்த மாநாட்டில் பரிசுப் போட்டிகள் உண்டு. ஆனால் இந்த முறை தேனுக்குப் பரிசு கிடையாது என்று முன்கூட்டியே அறிவித்து விட்டார்கள். போட்டிக்கு வரும் தேன் கலப்படம் இல்லாதது என்று முழுமையாகச் சோதித்துச் சொல்ல வழியில்லை என்பதுதான் அவர்கள் கூறிய காரணம்.

தேனோடு பிறந்து வளர்ந்தவர்கள் கூடும் சபையிலேயே தேனைத் தரம் பார்க்க முடியவில்லை என்றால், இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் அலமாரியில் நாலு பாட்டில் வைத்து விற்கும் நம் கதி என்ன? இதைத்தான் இந்தக் கட்டுரையில் நம் உறுப்பினர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

எனக்குச் சரக்கு அனுப்புபவர்களில் மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்பவர் ஒருவர் உண்டு. சென்ற ஆண்டு தேனீ வளர்ப்போரின் ஆண்டுக் கூட்டம் ஒன்றுக்குப் போய் வந்து தொலைபேசியில் பேசினார். ராணித் தேனீயை உண்டாக்குவது எப்படி, நோய் வந்தால் என்ன செய்வது, பெட்டியை எந்த மாதம் இடம் மாற்றுவது என்று காலை முழுவதும் நல்ல பாடமாம். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லார் வாயிலும் விலைப் பேச்சுதானாம். "அண்ணாச்சி, பெட்டியைப் பத்திக் கேட்டா பத்துப் பேர் பதில் சொல்றாங்க. எடுத்த தேனைக் கட்டுபடியாகிற விலைக்கு யார் வாங்குவாங்கன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்கல" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வணிகர்களாகிய நாம்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேன் தொழில் நேற்று முளைத்ததல்ல. 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் ஏழை விவசாயிகளுக்கு உபதொழிலாகத் தேனீ வளர்ப்பைக் கற்றுக் கொடுத்தார். பிறகு அது வீட்டுக்கு வீடு பரவியது. அங்கே ரப்பர் தோட்டங்கள் அதிகம். ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலை உதிர்ந்து துளிர்க்கும்போது, இளம் இலையின் காம்பில் இனிப்பு நீர் சுரக்கும். தேனீ அதைச் சேர்த்துத் தேனாக்குகிறது. அந்தச் சில மாதங்கள்தான் அவர்களுக்கு அறுவடை. மற்ற மாதங்களில் பெட்டியைக் காப்பாற்றவே செலவாகும். 1991, 92-இல் 'தாய் சாக் புரூட்' என்ற வைரஸ் நோய் வந்து தேனீப் புழுக்கள் மடிந்து, பெட்டிகள் பெரும்பாலும் காலியாயின. அதிலிருந்தும் மீண்டு எழுந்தவர்கள் அவர்கள். 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நோயிலிருந்து மீண்டவர்களை இப்போது சர்க்கரைப் பாகு விழுங்கப் பார்க்கிறது. கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரை கலந்தால் பழைய சோதனைகளில் அகப்பட்டுவிடும். அரிசியிலிருந்து எடுக்கும் பாகு அவ்வளவு எளிதில் அகப்படாது. 2020 டிசம்பரில் தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் நம் நாட்டில் விற்கும் 13 பெயர்களின் தேனை ஜெர்மனிக்கு அனுப்பி, என்.எம்.ஆர். என்ற நவீன முறையில் சோதித்தது. 10 பெயர்கள் தேறவில்லை என்று அறிவித்தது. சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் அதை மறுத்தன. அமெரிக்காவுக்குப் போகும் தேனுக்கு அந்தச் சோதனை 2020 ஆகஸ்டு முதலே கட்டாயமாயிற்று. உள்நாட்டில் விற்கும் தேனுக்கு அப்போது அந்தக் கட்டாயம் இல்லை. அன்னியனுக்கு ஒரு தராசு, நம் பிள்ளைகளுக்கு ஒரு தராசா என்று கேட்கத் தோன்றுகிறது.

இது நம் நாட்டின் குறை மட்டும் அல்ல. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குள் இறக்குமதியான தேனில் 320 மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, 147-இல் கலப்படச் சந்தேகம் என்று வெளியிட்டது. நூற்றுக்கு 46 ஆகிறது.

கண்ணால் பார்த்தும் நாக்கால் சுவைத்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரில் விட்டால் அடியில் தங்கும், காகிதத்தில் ஊறாது, எறும்பு மொய்க்காது, நாய் நக்காது என்று வாடிக்கையாளர்கள் சோதனை சொல்வார்கள். கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அடியில்தான் தங்கும். நல்ல தேனையும் எறும்பு மொய்க்கும். தேன் உறைந்து போனால் சர்க்கரை கலந்திருக்கிறது என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பார்கள். அதுவும் தவறு. குளுக்கோஸ் அதிகமுள்ள சுத்தமான தேன் தானாகவே உறையும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். இதை நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டியது கடைக்காரரின் கடமை.

நம் வட்டாரத்துக்கென்று ஒரு விஷயம். நம்முடையது கடற்கரை. காற்றில் ஈரம் அதிகம். தேன் ஈரத்தை இழுக்கும். சட்டப்படி அதில் நீர்ச்சத்து நூற்றுக்கு 20-க்கு மேல் இருக்கக் கூடாது. மூடியைத் திறந்து வைத்துச் சில்லறையாக ஊற்றிக் கொடுத்தால் நுரைத்துப் புளித்துவிடும். ஆகவே மூடிய பாட்டிலாகவே விற்பது நல்லது. தகர டின்னில் வைக்க வேண்டாம்.

இன்னொன்று. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கத் தேன் கேட்டு வருவார்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குச் சுத்தமான தேனும் ஆகாது என்பது மருத்துவர்களின் எச்சரிக்கை. அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி, பச்சிளம் குடலில் பெருகி நரம்பைத் தாக்கும். ஒரு பாட்டில் விற்காமல் போனாலும் பரவாயில்லை, இதைச் சொல்லி அனுப்புங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்படி, தரக்குறைவான உணவை விற்றவருக்கும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்குக்கு விற்றவரே பொறுப்பு. அதே சட்டம் நமக்கு ஒரு பாதுகாப்பும் தருகிறது. மொத்த வியாபாரி கொடுக்கும் பில்லே சரக்கின் தரத்துக்கு எழுத்து மூலமான உத்தரவாதம் ஆகும். நூறு ரூபாய் குறைகிறது என்று பில் இல்லாமல் வாங்கும் தேன், ஆய்வாளர் மாதிரி எடுக்கும் நாளில் நம் கழுத்தில் வந்து விழும்.

ஆகவே நம் சங்கத்தின் முன் சில யோசனைகளை வைக்கிறேன்.

1. உறுப்பினர்கள் தனித்தனியே வாங்குவதை விட்டு, பருவ காலத்தில் தேனீ வளர்ப்போரிடமும் அவர்களது கூட்டுறவுச் சங்கங்களிடமும் மொத்தமாகக் கொள்முதல் செய்யலாம்.

2. வரும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். ஒரு கடைக்கு அந்தக் கட்டணம் பாரம். ஐம்பது கடைகள் பங்கிட்டால் பெரிதாகத் தெரியாது.

3. எந்த ஊர்த் தேன், எந்த மாதம் எடுத்தது என்று பாட்டிலில் தெளிவாக அச்சிடச் செய்யலாம்.

4. பில் இல்லாத தேனை வாங்குவதில்லை என்று நம் உறுப்பினர்கள் ஒரு முகமாக முடிவு எடுக்கலாம்.

விலை கூடினால் விற்காது என்று சிலர் சொல்வார்கள். நம்மிடம் வாங்குகிறவர்கள் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைக்கும் மக்கள்தான். ஆனால் அவர்கள் தேனைத் தினசரிப் பண்டமாக வாங்குவதில்லை. குழந்தைக்கு இருமல், பெரியவர்களுக்குச் சூரணம் என்று மருந்துக்காக வாங்குகிறார்கள். மருந்தை மலிவு பார்த்து வாங்க யாரும் விரும்புவதில்லை. சிறிய பாட்டிலில் நல்ல தேன் கொடுத்தால் வாங்கத்தான் செய்வார்கள்.

மலிவுப் பாகு நம் அலமாரியில் நிற்கும் வரை, அதன் விலைதான் மார்த்தாண்டத்துத் தேனுக்கும் விலையாகும். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் ஒருவர் பெட்டியை மடித்து வைத்தால், பணம் கொடுத்தாலும் நல்ல தேன் கிடைக்காத நாள் வரும். அடுத்த ரப்பர் துளிர்ப் பருவம் வருவதற்குள் நம் செயற்குழு இந்தப் பொருளை விவாதத்துக்கு எடுத்துக் கொண்டு முடிவு செய்ய வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக் கொள்கிறேன்.