8 அணிகள், 20 சீசன்கள்: ஒலிவர் பெரஸின் வேலைக்கே உலை வைத்த விதி எது?

கிரிக்கெட்டில் டெத் ஓவருக்குன்னே ஒரு பவுலர் இருப்பார் இல்லையா? பேஸ்பாலில் அதைவிடச் சின்ன வேலை ஒன்று இருந்தது. ஒரே ஒரு இடதுகை பேட்டருக்கு வீசிவிட்டு கிளம்பிவிடலாம். மெக்சிகோவின் இடதுகை பிட்சர் ஒலிவர் பெரஸுக்கு மறுவாழ்வு கொடுத்தது இந்த வேலைதான்.

உச்சமும் சரிவும்

2004-ல் பிட்ஸ்பர்க் அணிக்காக 239 ஸ்ட்ரைக்-அவுட் எடுத்து மிரட்டினார் பெரஸ். 2009-ல் நியூயார்க் மெட்ஸ், 3 ஆண்டுகளுக்கு 3.6 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. ஆனால் பந்து சொன்ன இடத்துக்குப் போகவில்லை. ஒப்பந்தம் முடியும் முன்பே, 2011-ல் கழற்றிவிட்டார்கள். அப்போது வயது 29.

திரும்பி வந்தது எப்படி?

மைனர் லீக் போனவர், 2012-ல் சியாட்டில் அணியில் ரிலீவராகத் திரும்பினார். அதாவது, ஆட்டத்தின் நடுவே இறங்கும் மாற்று பிட்சர். 2018-ல் கிளீவ்லாந்துக்காக 51 ஆட்டங்கள். வீசியது மொத்தமே 32 இன்னிங்ஸ் சொச்சம்தான்.

2020-ல் என்ன மாறியது?

அடிக்கடி பிட்சரை மாற்றுவதால் நேரம் வீணாகிறது என்று, எம்எல்பி புது விதி கொண்டுவந்தது. பிட்சர் குறைந்தது 3 பேட்டர்களுக்கு வீசணும், அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்கணும்.

பெரஸ் அதையும் தாண்டினார். அதே ஆண்டு 18-வது சீசன் ஆடி, மெக்சிகோவில் பிறந்தவர்களில் அதிக சீசன் ஆடியவர் ஆனார். 2022 வரை நீடித்தார்.

ஆட்டத்தின் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் இந்த விதி. ஆனால் 29 வயதில் ஒதுக்கப்படும் இன்னொரு பெரஸுக்கு, திரும்பி வரும் வழி இப்போது குறுகிவிட்டது.