பழைய காசைக் கரண்டில் கழுவலாமா?

ஊரிலிருந்து வந்த எங்கட ஆக்களின் வீடுகளில், சிட்னியோ மெல்பேர்ணோ, அலுமாரி மூலையில் ஒரு பழைய ரின் இருக்கும். அதுக்குள்ளே பிரிட்டிஷ் காலத்துச் செப்புச் சதம், ஆச்சி முடிச்சில் கட்டி வைச்சிருந்த வெள்ளி ரூபாய், சில வேளை கிணறு வெட்டும்போது கிடைச்ச பச்சை பிடிச்ச காசு ஒண்டும் கிடக்கும். இப்ப பிள்ளைகள் வீடியோவைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதை எலெக்ட்ரோலிசிஸ் செய்து பளபளப்பாக்குவமா?" எண்டு கேட்கத் தொடங்கிவிட்டார்கள். என்னுடைய பதில்: எந்தக் காசு எண்டு முதலில் சொல்லுங்கோ.

முறை சிம்பிள்தான். ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஒரு லீட்டர் தண்ணி, அதில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. குறைந்த வோல்ட் நேர்மின்னோட்டம் தருகிற சப்ளையின் எதிர்முனையில் காசு, நேர்முனையில் பூச்சில்லாத சாதாரண இரும்புத் துண்டு. கரண்ட் போனதும் காசைச் சுற்றி ஐதரசன் குமிழி கிளம்பும். அது அழுக்குப் படையை இளக்கும். கூடவே செப்பு ஒக்சைட்டின் ஒரு பகுதி திரும்பவும் செப்புத் தூளாக மாறும். அதுதான் இப்படிக் கழுவின காசுகளில் தெரிகிற அந்த இளஞ்சிவப்பு நிறம்.

செய்யிறதெண்டால் கவனமாய்ச் செய்யுங்கோ. சோடாவுக்குப் பதில் கறியுப்புப் போட்டால் நச்சுக் குளோரின் வாயு வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டியை நேர்முனையில் மாட்டினால் அதிலுள்ள குரோமியம் நஞ்சாகித் தண்ணியில் கலக்கும். நாகம் பூசிய ஆணியும் வேண்டாம். ஐதரசன் தீப்பற்றும் எண்டபடியால் மூடிய கராஜுக்குள் வேண்டாம், பக்கத்தில் நெருப்பும் வேண்டாம். வீட்டு மெயின் கரண்டை நேரடியாகத் தொடுக்கிற யோசனை கனவிலும் வரக்கூடாது. இரண்டு முனையும் ஒன்றையொன்று முட்டக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டு, பிளக்கைக் கழற்றின பிறகுதான் கையை வையுங்கோ. ஒன்றிரண்டு நிமிசத்துக்கு ஒருக்கால் எடுத்துப் பார்த்து, வடிதண்ணியில் கழுவி, மெல்லத் துடைத்துக் காயவிட வேண்டும்.

இவ்வளவும் பத்துச் சதத்துக்குப் பெறாத, ஆயிரக்கணக்கில் கிடைக்கிற காசுக்குச் சரி. எனக்குப் பிரச்சினை மற்றக் காசுகளில்தான்.

மண்ணுக்குள் பல நூறு வருசம் கிடந்த செப்புக் காசின் பச்சையும் சிவப்புமான படையை அழுக்கு எண்டு நினைக்கிறோம். உண்மையில் காசின் பழைய மேற்பரப்பு பல நேரம் அந்தப் படைக்குள்தான் இருக்கு. உலோகம் அரித்துப் போன இடத்தில் எழுத்தின் வடிவத்தைத் தாங்கி நிற்கிறதே அந்தப் படைதான். கரண்ட் விட்டால் படையும் போகும், எழுத்தும் போகும்.

எங்கட சேது நாணயத்தை எடுத்துப் பாருங்கோ. ஒரு பக்கம் நிற்கிற மனித உருவம், மற்றப் பக்கம் படுத்திருக்கிற நந்தி, அதன் கீழே 'சேது' எண்ட தமிழ் எழுத்து. யாழ்ப்பாண அரசர்களின் மறந்துபோன நாணயங்கள் எண்டு சுவாமி ஞானப்பிரகாசர் 1920 இல் எழுதினது இவற்றைப் பற்றித்தான். இரண்டே இரண்டு எழுத்து. அது அழிந்தால் உங்கள் கையில் மிஞ்சுவது ஒரு செப்புச் சில்லு. 1981 இல் நூலகத்தை எரிய விட்டுக் கொடுத்த சமூகம் நாங்கள். மிச்சமிருக்கிற எழுத்தை நாங்களே சோடாத் தண்ணியில் கரைக்க வேணுமா?

"மியூசியக்காரரும் இதைத்தானே செய்யினம்" எண்டு ஒருவர் கேட்கலாம். உண்மைதான். கப்டன் குக் 1770 இல் பவளப் பாறையில் எண்டெவர் கப்பல் ஏறினபோது கடலில் தள்ளிய பீரங்கிகள் 1969 இல் வெளியே வந்தன. அவற்றை எங்கட மெல்பேர்ணில், மரிபிர்னோங்கில் இருந்த பாதுகாப்புத்துறை ஆய்வுகூடத்தில்தான் மின்பகுப்பு முறையில் பராமரித்தார்கள். ஆனால் அவர்கள் தேடினது பளபளப்பை அல்ல. இரும்புக்குள் ஊறிய கடலுப்பை மெதுவாக வெளியே இழுத்து, அரிப்பை நிறுத்துவதுதான் நோக்கம்.

இன்னொரு உதாரணம் இலங்கையிலேயே இருக்கு. 1961 இல் தெற்குக் கடலில் கிரேட் பாசஸ் பாறையடியில் மைக் வில்சன் குழுவினர் கண்டெடுத்த ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சில கட்டிகளில் காசுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கட்டி வைத்த பையின் வடிவத்திலேயே இறுகிப் போயிருந்தன. பை உக்கிப் போன பிறகும் அதன் உருவம் மிஞ்சியது அந்த ஒட்டலால்தான். அவ்வளவையும் பிரித்து மினுக்கியிருந்தால் பையின் கதை போயிருக்கும்.

"என்ரை காசு, நான் என்னவும் செய்வன்" எண்டு சொல்லுகிற உரிமை உங்களுக்கு இருக்கு. காசுக் கணக்காகவே பார்த்தாலும் அது நட்டம். மெல்பேர்ண் நாணயச்சாலையில் அடித்த 1930 ஆம் ஆண்டுப் பென்னி கிடைத்தவர் அதை மினுக்கினால் அதன் விலையை அவரே குறைக்கிறார். சேகரிப்பவர்கள் கழுவின காசை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆகவே ரின்னைத் திறக்கிறவர்கள் முதலில் இரண்டு பக்கமும் படம் எடுங்கோ. நிறையை அளந்து, எந்த ஊரில், யாருடைய காணியில் கிடைத்தது எண்டு ஒரு கடதாசியில் எழுதி வையுங்கோ. அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இப்ப குறைந்துகொண்டு வருகினம். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அது குளோரைட் நோய், மற்றக் காசுகளிலிருந்து பிரித்து ஈரமில்லாமல் வைத்து, பொருள் பராமரிப்புத் தெரிந்தவரிடம் காட்டுங்கோ. பிள்ளைகளின் ஆசைக்கு ஒரு கறுத்த அவுஸ்திரேலிய இரண்டு சதத்தைக் கொடுங்கோ. விஞ்ஞானமும் படிப்பார்கள், சேது காசும் தப்பும்.